மேல் லைனுக்குத் தெரிந்திருந்தது

எங்கள் வீட்டுச் சமையலறையின் பின்சுவர் இரண்டு விதமாக இருக்கும். ஜன்னலுக்குக் கீழே பழைய கருங்கல் கட்டு. மேலே பாதிக்கு மட்டும் புதுச் செங்கல், புதுச் சிமெண்ட். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால் அம்மா, "சாமி வந்துட்டுப் போச்சு" என்பாள். ஏதோ அம்மன் விவகாரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு.

சாமி என்றால் யானை. இருட்டிய பிறகு பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு.

வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. ஊர் எது என்று கேட்டு நான் சொன்னதும், எதிரே இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். "ஆஹா, யானையெல்லாம் பார்த்திருப்பீங்களே!" பார்த்திருக்கிறேன். பார்க்காமல் விட்டதைப் பற்றித்தான் உண்மையில் சொல்ல வேண்டும். முதலில் சுவர்.

1998 டிசம்பர். எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். வீட்டில் அம்மா, அண்ணன், நான். நடுராத்திரி தாண்டியிருக்கும், என் வாய்மேல் அம்மாவின் கை அழுத்திக்கொண்டிருந்ததில்தான் விழித்தேன். முதலில் வந்தது சத்தமில்லை, வாசனை. நனைந்த வைக்கோலும் சாணியும் கலந்தது போல. அப்புறம் மூச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பெரிய துருத்தியை மெதுவாக அமுக்கி விடுவது மாதிரி. சமையலறையில் தகரம் ஒருமுறை முனகியது. சுவர் விழுந்தது பெரிய ஓசையோடு என்று நினைத்துவிடாதீர்கள். அடுக்கி வைத்த மூட்டை ஒன்று சரிந்தால் வருமே, அவ்வளவுதான்.

அம்மா கத்தவில்லை. எங்கள் இருவரையும் முன்கதவு வழியாக வெளியே தள்ளி, சுவரோரமாகவே நடத்தி, லைனின் கடைசி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். போகிற வழியில் ஒவ்வொரு கதவையும் விரல் நுனியால் தட்டிக்கொண்டே போனாள். பத்து வீடும் ஐந்து நிமிடத்தில் விழித்துவிட்டது. ஒருவரும் விளக்குப் போடவில்லை.

விடிந்து போய்ப் பார்த்தோம். அந்த வாரம் வாங்கிய ரேஷன் அரிசி, உப்பு ஜாடி, புளி மூன்றும் காலி. மிளகாய்த்தூள் டப்பா மட்டும் நசுங்கி, வெளியே தூக்கி எறியப்பட்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அம்மாவுக்கு அதில் அக்கறையே இல்லை. "சுவரை எஸ்டேட்காரன் கட்டிக் குடுப்பான். அரிசியை எவன் குடுப்பான்?"

யானை வால்பாறையில் எதைத் தேடும், எதைத் தேடாது என்பது அன்றே எனக்குப் பாடமாகிவிட்டது. தேயிலையை அது தின்னாது. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, ஆனால் அதற்கு அதில் ஒரு வாய்கூட இல்லை. செடிகளின் நடுவே நடந்து போகும், அவ்வளவே. அதனால் சமவெளிக்காரர்கள் மாதிரி வாழைத் தோப்பு போச்சு, கரும்பு போச்சு என்ற அழுகை எங்களுக்குக் குறைவு. எங்களுக்குப் போவது அரிசி இருக்கிற கட்டிடங்கள்: ரேஷன் கடை, சத்துணவுக் கூடம், லைன் வீட்டுச் சமையலறை. சத்துணவுக் கூடத்தின் கதவு பிய்ந்து கிடந்த நாட்களில் நாங்கள் குதூகலித்திருக்கிறோம், பாடம் நடக்காது என்று. மத்தியானம் பசிக்கும்போதுதான் அது எங்கள் சோறும் என்பது நினைவுக்கு வரும்.

ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு வரைபடத்தைக் காட்டினால் போதும். வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், மலக்கப்பாறை தாண்டி வாழச்சால் காடுகள். நடுவில் தட்டில் வைத்த மாதிரி தேயிலையும் காபியும். வெள்ளைக்காரர்கள் 1890களில் காட்டை வெட்டத் தொடங்கினார்கள். முன்னோடியான கார்வர் மார்ஷுக்குக் கவர்க்கல்லில் சிலையே இருக்கிறது. மரத்தை வெட்டிச் செடியை நட்டார்கள். ஒரு பக்கக் காட்டிலிருந்து மறுபக்கக் காட்டுக்குப் போகும் நடையை யாராலும் வெட்ட முடியவில்லை. நடுவாறு, சோலையாறு ஓரத்து மரங்கள், எஸ்டேட்டுகளுக்கிடையே மிஞ்சிய துண்டுச் சோலைகள், ஃபேக்டரி விறகுக்காக வைத்த யூகலிப்டஸ் தோப்புகள் எல்லாம்தான் அவற்றுக்குப் பகல் நேர விடுதி. இருட்டியதும் நடை. மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்தால் பிப்ரவரி வரை அதிகம். ஆற்றோரப் புதரை யாராவது வெட்டிச் சுத்தம் செய்தால் அந்த வருடம் அது லைன் வழியாக வரும். இதெல்லாம் எங்கள் லைனில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகளுக்கும் தெரியும்.

இதை வைத்துக்கொண்டு இணையத்தில் இரண்டு கட்சி சண்டை போடுவதைப் பார்க்கிறேன். "ஊருக்குள் புகுந்த காட்டு யானை அட்டகாசம்" என்பது ஒரு கட்சி. "அவை நம் இடத்துக்கு வரவில்லை, நாம்தான் அவற்றின் இடத்துக்குப் போனோம்" என்பது இன்னொன்று. இரண்டாவது உண்மைதான். ஆனால் அதை எழுதுகிறவர் விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வெளியே இருக்கிற கழிப்பறைக்குப் போக வேண்டியவர் இல்லை. காட்டை அழித்த வெள்ளைக்காரர் சிலையாக நிற்கிறார். அவருக்காகச் செடி நட ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பனியில் நடக்கிறார்கள்.

சரி, ரேடியோ மாமாவுக்கு வருகிறேன்.

அவர் எனக்கு உறவில்லை. கீழ் லைனில் இருந்தவர். கிரிக்கெட் நடக்கிற நாளில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டே உரம் போடுவார். அதனால் அந்தப் பெயர். 2003 ஜனவரி, பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும். மாமா காலையிலேயே பொள்ளாச்சிக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். பொள்ளாச்சி என்றால் அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர், நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒரு நாள் வேலை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் லைனில் நாங்கள் துணி துவைக்கிற கல்லில் நின்றுகொண்டிருந்தோம். கீழே பஸ் வளைவுக்குப் பக்கத்துச் சதுப்பில் யானைகள். நான் எண்ணினேன். பெரியது ஐந்து, குட்டி இரண்டு. ஒரு குட்டி சேற்றில் உட்கார்ந்து எழ மாட்டேன் என்று அடம்பிடித்தது, நாங்கள் சிரித்தோம். மேல் லைன் முழுக்க வேடிக்கை பார்த்தது. ஆறரை மணிக்குப் பனி மூடி ஒன்றும் தெரியாமல் போனதும் எல்லாரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

கடைசி பஸ் எட்டரை மணிக்கு வந்தது. வளைவில் மாமா ஒருவர்தான் இறங்கினார். அங்கிருந்து கீழ் லைனுக்கு அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது.

காலையில் விறகுக்குப் போனவர்கள் பார்த்தார்கள். குடை மடக்கியபடியே கிடந்தது. பக்கத்துத் தேயிலைச் செடிமேல் துணிக்கடைப் பை, யாரோ மாட்டி வைத்த மாதிரி, சேறுகூடப் படாமல்.

நான் அன்று அழுதேனா என்று நினைவில்லை. அந்த ஐந்தும் இரண்டும் ஏழு என்ற கணக்கு மட்டும் இன்றுவரை இருக்கிறது. யானை இருப்பது மேல் லைனுக்குத் தெரியும். மாமா பஸ்ஸில் வருகிறார் என்பது கீழ் லைனுக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஃபோன் கிடையாது. இருந்திருந்தாலும் யாருக்குக் கூப்பிடுவது? பஸ்ஸுக்கா? அப்பா ரொம்ப நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு பெட்ரோமாக்ஸைப் பத்த வச்சு வளைவுல வச்சிருந்தா போதும், டிரைவர் நிறுத்தியிருக்க மாட்டான்."

அப்பா சொன்னது பெட்ரோமாக்ஸ். சில வருடம் கழித்து வந்தது சிவப்பு விளக்கு.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் 2002இலிருந்தே வால்பாறையில் யானைகளின் பின்னால் நடந்துகொண்டிருந்தார்கள். எங்கள் லைனில் அவர்களை "யானை எண்றவங்க" என்போம், கொஞ்சம் நக்கலாகத்தான். வேலையற்ற வேலை என்று நானே நினைத்திருக்கிறேன். அவர்கள் கண்டதில் ஒன்று, யானையால் செத்துப்போனவர்களில் பெரும்பாலோர் அங்கே யானை நிற்பது தெரியாமலேயே போய் எதிரில் மாட்டியவர்கள் என்பது. எங்கள் லைனில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள்தான். ஆனால் நாங்கள் தெரிந்துவைத்திருந்தோம், அவர்கள் அதற்கு வழி செய்தார்கள்.

முதலில் லோக்கல் கேபிள் டிவியில் கீழே எழுத்தாக ஓடவிட்டார்கள்: இன்று இந்த எஸ்டேட், இந்த இடத்தில் யானை இருக்கிறது. சீரியலுக்குக் கீழே யானை ஓடும். 2011இல் செல்போனுக்கு எஸ்எம்எஸ் வந்தது. பகலில் யானையைப் பின்தொடர்கிறவர்கள் சாயங்காலத்துக்குள் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். சுற்று வட்டாரத்தில் பதிவு செய்த எண்களுக்கெல்லாம் செய்தி போகும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. கூடவே முக்கியமான வளைவுகளிலும் லைன்களுக்கு அருகிலும் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கு. கம்பத்துக்குள் ஒரு சிம் கார்டு. பொறுப்பில் இருக்கிற சிலர் தங்கள் செல்போனிலிருந்து கூப்பிட்டால் விளக்கு எரியத் தொடங்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். எரிந்தால் அந்தப் பக்கம் யானை. இதற்குப் பின்னால் இருந்த ஆனந்த குமாருக்கு 2015இல் விட்லி விருது கொடுத்தார்கள். லண்டனில் தருகிற விருது. எங்கள் ஊர்க் கம்பம் அவ்வளவு தூரம் போனது.

இதில் வேலியோ, அகழியோ, துப்பாக்கியோ இல்லை என்பதைக் கவனியுங்கள். யானையை யாரும் ஒன்றும் செய்யவில்லை. மேல் லைனுக்குத் தெரிந்தது கீழ் லைனுக்கும் பஸ் டிரைவருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான்.

அம்மாவுக்குக் குரல் அழைப்பு வரும். பதிவு செய்த குரல் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டாள். "ம்... ம்... சரி தம்பி, பாத்துக்கறேன்" என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் வைப்பாள்.

பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிட வேண்டியதுதானே என்று என் அலுவலகத்திலும் கேட்கிறார்கள். யானைக்குக் கால் இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தடாகம் பக்கம் திரிந்த சின்னத்தம்பி என்ற யானையை 2019 ஜனவரியில் பிடித்து டாப்சிலிப்பை ஒட்டிய வரகளியாறு காட்டில் விட்டார்கள். அவன் நடந்து உடுமலைப் பக்கம் சர்க்கரை ஆலை வாசலுக்கு வந்து நின்றான். அடுத்த மாதமே மறுபடி பிடித்துக் கூண்டில் அடைத்துக் கும்கி ஆக்கினார்கள். 2023இல் ஒரு மக்னா. மக்னா என்றால் தந்தமில்லாத ஆண். தர்மபுரிப் பக்கம் பிடித்தார்கள், வரகளியாறில் விட்டார்கள். இரண்டு வாரத்தில் பொள்ளாச்சியைத் தாண்டிக் கோயம்புத்தூர் ஓரத்துக்கே வந்துவிட்டது. என் தெருக்காரர்கள் மாடியில் ஏறி வேடிக்கை பார்க்கத் தயாரானார்கள். பிடித்து மானாம்பள்ளிக் காட்டில் விட்டார்கள். அது இறங்கிச் சரளப்பதித் தோப்புகளுக்குள் போனது. ஜூலைக் கடைசியில் மறுபடி பிடித்து, இந்த முறை கொண்டுபோய் விட்டது எங்கே தெரியுமா? சின்னக்கல்லார். எங்கள் வால்பாறைக்கு மேலேதான். அண்ணன் அன்று ஃபோன் பண்ணினான்: "உங்க ஊர் ஆளை எங்க ஊருக்கு ட்ரான்ஸ்ஃபர் பண்ணிட்டாங்க."

யானையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் எனக்கு அதிகப் பயம் காட்டுமாட்டின்மேல். யானையாவது வாசனை காட்டும், கிளை ஒடிக்கும். காட்டுமாடு தேயிலைக்குள் படுத்திருந்தால் பாறை மாதிரியே இருக்கும். ஒருமுறை அம்மாவின் குழு கொழுந்து பறித்துக்கொண்டே போனதில் இரண்டு நிரை தள்ளி இருந்த பாறை எழுந்து நின்றது. கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. ஒரு டன் எடைக்கு வளர்கிற மிருகம். பதினைந்து பெண்களும் கொழுந்துச் சாக்கைப் போட்டுவிட்டு ஓட, அது அசை போட்டபடியே எதிர்ப்பக்கம் நடந்துவிட்டது. அன்றைக்குக் கிலோ குறைந்ததற்குச் சூப்பர்வைசர் திட்டினார் என்பதுதான் கதையில் அம்மா அழுத்திச் சொல்லும் பகுதி.

சிறுத்தை வேறு விஷயம். அதைப் பார்ப்பது அபூர்வம், அது நம்மைப் பார்ப்பது தினசரி. லைன் ஓரத்தில் கோழிக்குடலைக் கொட்டினால் நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் சின்னப் பிள்ளைகள் வாசலில் நிற்கக் கூடாது, புதரை ஒட்டிக் குனிந்து உட்காரக் கூடாது. இந்தச் சட்டமெல்லாம் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

எங்களுக்கு வந்தது. இப்போது லைன் வீடுகளில் இருப்பவர்கள் நாங்கள் இல்லை. என் தலைமுறை திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டது. கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. 2025 ஜூனில் ஜார்க்கண்ட் குடும்பம் ஒன்றின் நாலு வயதுப் பெண் குழந்தையை, சாயங்காலம், வீட்டுப் பக்கத்திலிருந்தே சிறுத்தை தூக்கிப் போனது. இரண்டு மாதம் கழித்து அசாமிலிருந்து வந்த குடும்பத்தில் எட்டு வயதுப் பையன். முதலில் சிறுத்தை என்றார்கள், பிறகு கரடி என்றார்கள். இரண்டு செய்தியையும் கோயம்புத்தூரில் பஸ்ஸில் நின்றபடி செல்போனில் படித்தேன். எனக்குத் துவைக்கிற கல் ஞாபகம் வந்தது. மறுபடியும் ஒரு லைனுக்குத் தெரிந்தது இன்னொரு லைனுக்குத் தெரியவில்லை. இந்த முறை நடுவில் இருப்பது பனி இல்லை, பாஷை.

சுற்றுலாக்காரர்களைப் பற்றி ஒரு பத்தி திட்டி எழுதலாம் என்று இருந்தேன். ஹாரன் அடித்து யானையைத் திரும்ப வைத்துப் படம் எடுக்கிறவர்கள். கோபித்த யானை அவர்கள் காரை விட்டுவிட்டுப் பின்னால் சைக்கிளில் வருகிற எங்கள் ஆளைத்தான் துரத்தும். விடுங்கள், சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை.

போன டிசம்பரில் நாலு நாள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இப்போது இல்லை. அம்மா ரிட்டயர்டு ஆனாலும் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அண்ணன் பேரில் அதே வீடு, அதே இரண்டு நிறச் சுவர். பக்கத்து ஐந்து வீடுகளில் வடக்கத்திக் குடும்பங்கள். அம்மாவுக்கும் அவர்களுக்கும் பொதுவாக மொத்தம் ஏழெட்டு வார்த்தைகள் இருக்கும். அதை வைத்தே உப்பு கடன் கொடுத்து, ஊறுகாய் திரும்ப வாங்கி, பிரசவம்கூடப் பார்த்துவிட்டாள்.

கிளம்புகிற நாள் முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலரை மணிக்கு எழுந்தேன். பையைத் தோளில் மாட்டிக் கதவைத் திறக்கப் போனபோது அம்மா ஜன்னலிலிருந்து திரும்பாமலே கையைக் காட்டினாள். பனிக்குள் வளைவுப் பக்கம் சிவப்பு விட்டுவிட்டு எரிந்தது.

"அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போறேன்மா. பஸ் போயிரும்."

"போகட்டும். உக்காரு."

உட்கார்ந்தேன். அப்போது பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. ஜார்க்கண்ட் பெண், குழாயடிக்குப் போகக் குடத்தோடு கிளம்புகிறாள். அவள் கதவு சிவப்பு விளக்கு இருக்கிற பக்கம் பார்க்காது. என்னை உட்காரச் சொன்ன அம்மா செருப்புகூடப் போடாமல் வெளியே போனாள். ராத்திரியில் பெயர் சொல்லாதவள், முழங்கையை மூக்குக்கு முன்னால் வைத்துத் தும்பிக்கை மாதிரி ஆட்டிக்கொண்டு, அடித்தொண்டையில், "ஹாத்தி! ஏ பொண்ணு, ஹாத்தி! உள்ள போ!" என்றாள்.

அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் திரும்பி ஏதோ சொன்னாள். உள்ளே ஒரு குழந்தை அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது.

கீழே முதல் பஸ் வளைவில் நிற்காமல் போனது. அம்மா விரல் நுனியால் அடுத்த கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.